வெப்பப் பருவப் புற்களின் களைக்கொல்லித் தாங்குதிறன்

பள்ளி விளையாட்டுத் திடல், மருத்துவமனை வளாகம், நகரப் பூங்கா ஆகிய இடங்களில் வளர்க்கப்படும் புல்தரை கண்ணுக்கு இனிமை தருவதோடு நில்லாமல், மண் அரிப்பைத் தடுத்துப் புழுதியை அடக்கும் பணியையும் செய்கிறது. அத்தரையில் களைகள் மிகுந்துவிட்டால் அதனைப் பேணுவோர் களப்பணியாளரை நாடி, “புல் கெடாமல் களை மட்டும் சாகும் மருந்து யாது?” என வினவுகின்றனர். இவ்வினா எளியதாகத் தோன்றினும், “உங்கள் தரையில் உள்ளது எந்தப் புல்?” என்று திருப்பிக் கேளாமல் இதற்கு விடை கூறுதல் ஆகாது. ஒரு திடலில் களையை மட்டும் அழித்த மருந்து, அதே அளவில் தெளிக்கப்பட்டும், அடுத்த திடலில் தரை முழுவதையும் மஞ்சளாக்கிவிடக் கூடும். மருந்து ஒன்றே, புல் வேறு.

ஒரு மருந்து ஒரு செடியைக் கொன்று, அதனருகே நிற்கும் மற்றொன்றை விட்டுவிடும் என்னும் உண்மை புல்தரையிலேயே தெளிவாகக் காட்டப்பெற்றது. 1944-ஆம் ஆண்டில் மார்த், மிட்செல் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், 2,4-டி என்னும் வளர்ச்சி ஊக்கிப் பொருளைத் தெளித்தால் தரைப்புல் பிழைத்திருக்க, அதனிடையே உள்ள அகன்ற இலைக் களைகள் மடிகின்றன என்று வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த புல் குளிர்நாட்டுக்குரியது. ஆயினும் அம்முடிவு, “2,4-டி அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும்; புல்லினத்தைத் தொடாது” என்னும் பொதுவிதியாக எங்கும் பரவிவிட்டது. வெப்பநாட்டுப் புற்களைப் பொறுத்தவரை இவ்விதி பாதி உண்மையே.

இந்தியாவில் களைக்கொல்லி ஆய்வு பெரும்பாலும் வயற்பயிர்களைச் சார்ந்தே வளர்ந்தது. 1937-இல் பஞ்சாபில் சோடியம் ஆர்சனைட்டைக் கொண்டு களையை அழிக்க முயன்றனர். 1946-இல் 2,4-டி இந்நாட்டில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. 1952-இல் நெல், கோதுமை, கரும்பு ஆகியவற்றில் களைக்கொல்லிகளை ஆராயும் திட்டம் பல மாநிலங்களில் தொடங்கிற்று. களை ஆராய்ச்சிக்கெனவே ஜபல்பூரில் ஒரு தேசிய மையம் 1989-இல் நிறுவப்பட்டது. புல்தரை பேணுவோர் வயற்பயிர் அனுபவத்தையும் அயல்நாட்டு விவரச்சீட்டுகளையுமே பெரிதும் நம்ப வேண்டியுள்ளமையால், களப்பணியாளர் அடிப்படைக் கருத்துகளைத் தாமே தெளிவுற அறிந்திருத்தல் இன்றியமையாததாகும்.

வெப்பப் பருவப் புற்கள் யாவை?

27 முதல் 35 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் செழித்து வளர்ந்து, குளிர் மிகும்போது வளர்ச்சி குன்றும் புற்கள் வெப்பப் பருவப் புற்கள் எனப்படும். இந்தியாவின் சமவெளிகளில் உள்ள புல்தரைகள் பெரும்பாலும் இவ்வகையினவே. களத்தில் இவற்றை வேறுபடுத்தி அறியும் அடையாளங்கள் பின்வருமாறு:

அறுகு (சைனோடான் டாக்டிலான்): இலைகள் குறுகியவை. நிலத்தின்மேல் ஓடும் தண்டும் நிலத்தடித் தண்டும் ஆகிய இரண்டும் உண்டு. பூங்கொத்து, விரல்களை விரித்தாற்போல் 3 முதல் 6 கதிர்களை உடையது. திடல்களில் நடப்பெறும் கலப்பின அறுகுகளும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

மணிலாப் புல் (சாய்சியா மாட்ரெல்லா): இலைகள் விறைத்தும் நுனி கூர்த்தும் இருக்கும். மெதுவாகப் பரவி, அடர்ந்த மெத்தைபோல் படியும். பூங்கொத்து ஒற்றைக் கதிராக நிற்கும்.

செயின்ட் அகஸ்டின் புல் (ஸ்டெனோடாப்ரம் செகண்டேட்டம்): இலைகள் 5 முதல் 10 மில்லிமீட்டர் அகலமுடையவை, நுனி மழுங்கியது. ஓடுதண்டு தடித்துத் தட்டையாக இருக்கும். நிலத்தடித் தண்டு இல்லை.

கம்பளப் புல் (ஆக்சோனோபஸ் கம்ப்ரெசஸ்): அகன்ற, மெல்லிய இலைகளை உடையது. நிழலையும் ஈரத்தையும் விரும்பும். கதிர்கள் இரண்டோ மூன்றோ இருக்கும். உச்சியிலுள்ள இரண்டும் கவைபோல் பிரியும்.

கடற்கரைப் பாஸ்பாலம் (பாஸ்பாலம் வஜினேட்டம்): உவர் நீரைத் தாங்கும் புல். கதிர்கள் பெரும்பாலும் இரண்டு.

வழக்குப் பெயரை மட்டும் கொண்டு மருந்தைத் தேர்தல் தவறு. செயின்ட் அகஸ்டின் புல்லை இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ‘பபலோ புல்’ என வழங்குவர். அமெரிக்காவிலோ அப்பெயர் அந்நாட்டுச் சமவெளிகளில் தானே வளரும் வேறொரு புல்லைக் குறிக்கும். அமெரிக்க நூலொன்றில் ‘பபலோ புல்லுக்கு ஏற்றது’ எனக் கண்ட மருந்தை இங்குள்ள புல்மீது தெளித்தால் நேரும் கேட்டிற்குப் பெயர்க் குழப்பமே காரணமாகும்.

தாங்குதிறன் எங்ஙனம் அமைகிறது?

முதலில் இரு சொற்களின் வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துதல் நலம். ஓர் இனம் இயல்பாகவே ஒரு மருந்தைத் தாங்கிப் பிழைப்பது தாங்குதிறன். முன்னர் அம்மருந்தால் மடிந்த இனத்திலேயே, தொடர்ந்து தெளித்ததன் விளைவாகப் பிழைக்கும் வழித்தோன்றல்கள் பெருகுவது எதிர்ப்புத்திறன். புல்லிடம் நாம் நாடுவது முன்னது. களையிடம் நாம் அஞ்சுவது பின்னது.

மருந்து ஒரு செடியைக் கொல்ல வேண்டுமெனில் அது செடியினுள் நுழைய வேண்டும்; செயற்படும் இடத்திற்கு நகர வேண்டும்; சிதையாமல் நிலைக்க வேண்டும்; அங்குள்ள நொதி அல்லது புரதத்தைத் தாக்க வேண்டும். இப்படிகளுள் எது தடைப்பட்டாலும் செடி பிழைக்கும். புல்லின் குறுகிய, நிமிர்ந்த இலையில் நீர்த்துளி எளிதில் தங்குவதில்லை. அகன்று படுத்த களையிலையில் தங்குகிறது. இது முதற்படியில் தோன்றும் வேற்றுமை.

ஆயினும் பெரும்பாலான மருந்துகளில் முதன்மையான காப்பு சிதைவே ஆகும். மக்காச்சோளமும் சோளமும் அட்ரசினைத் தாங்குவது இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அட்ரசின் இலையின் ஒளிச்சேர்க்கையை இடைமறித்துச் செடியைக் கொல்வது. இப்பயிர்களிலோ, அதனைக் குளுட்டாதயோன் என்னும் பொருளோடு பிணைக்கும் நொதி மிகுதியாக உள்ளது. பிணைந்த அட்ரசின் தீங்கற்றதாகிவிடுகிறது. இங்ஙனம் மருந்தைச் சிதைப்பதற்குச் செடி தன் ஆற்றலைச் செலவிட வேண்டும். ஆதலின் நோயாலோ வறட்சியாலோ நலிந்த புல், நலமாக உள்ள அதே புல்லைப்போல் மருந்தைத் தாங்குவதில்லை. இக்கருத்து பின்னர் மீண்டும் பயன்படும்.

நான்காவதாகக் கூறத்தக்கது இடத்தால் அமையும் காப்பு. பெண்டிமெத்தலின் போன்று களை முளைக்குமுன் இடும் மருந்துகள் மண்ணின் மேற்பரப்பை ஒட்டியே தங்கும். முளைக்கும் களைவிதை அப்படலத்தில் சிக்கி மடியும். நன்கு வேரூன்றிய புல்லின் வேர்கள் அதற்குக் கீழே இருத்தலால் தப்பும். ஆனால் இம்மருந்து வேர்நுனியின் உயிரணுப் பிரிவைத் தடுப்பதாகும். புதிதாகக் கரணை நட்ட தரையில் ஓடுதண்டின் கணுக்கள் மண்ணில் வேர்விட வேண்டியது அப்படலத்தின் வழியேதான். அந்நிலையில் பெண்டிமெத்தலினை இட்டால் வேர்நுனிகள் பருத்துக் குறுகி, தண்டு மண்ணைப் பற்றாது போகும். முதிர்ந்த தரைக்குத் துணையான மருந்து இளந்தரைக்குப் பகையாவது இவ்வாறே.

புல்லுக்குப் புல் வேற்றுமை

2,4-டி மருந்தை அறுகும் சாய்சியாவும் நன்கு தாங்கும். கம்பளப் புல்லும் கடற்கரைப் பாஸ்பாலமும் இடைநிலையில் உள்ளன. செயின்ட் அகஸ்டின் புல்லோ எளிதில் ஊறுபடும். வெயில் மிகுந்த நாட்களில் ஊறு இன்னும் கூடும். அத்தரையில் புளியாரை, அம்மான் பச்சரிசி முதலிய அகன்ற இலைக் களைகள் தோன்றின் 2,4-டி மருந்தை முதலில் நாடுதல் கூடாது.

அட்ரசினின் நிலை இதற்கு நேர்மாறானது. செயின்ட் அகஸ்டின் புல் அதனை நன்கு தாங்கும். வளர்ச்சியிலுள்ள அறுகு அதனால் மஞ்சளுற்று நலியும். குளிர்கால உறக்கத்தில் இருந்தால் மட்டுமே ஓரளவு தப்பும். கடற்கரைப் பாஸ்பாலம் கடுமையாகப் பாதிக்கப்படும். இவ்விரு மருந்துகளையும் அருகருகே வைத்துக் காணின் இப்பாடத்தின் கருத்து முழுவதும் விளங்கும். அறுகுக்கு நண்பனானது செயின்ட் அகஸ்டினுக்குப் பகை. செயின்ட் அகஸ்டினுக்கு நண்பனானது அறுகுக்குப் பகை.

குயின்க்ளோராக் என்னும் மருந்தையும் அறுகு, சாய்சியா ஆகியவை தாங்கும். செயின்ட் அகஸ்டினும் கம்பளப் புல்லும் தாங்கா. பெனாக்சாப்ராப் புல்லினக் களைகளைக் கொல்வது. அதனைச் சாய்சியா தாங்கும், அறுகு தாங்காது. சாய்சியாத் தரையில் ஊடுருவிய அறுகை அடக்க அயல்நாடுகளில் இவ்வேற்றுமையையே பயன்படுத்துகின்றனர். ஆகவே ‘புல்’ என்பதும் ‘களை’ என்பதும் இடம் நோக்கி அமையும் பெயர்களே அன்றி இனம் நோக்கி அமைந்தவை அல்ல.

கோரைக் களை புல்தரைக்குப் பெருந்தொல்லை. 2,4-டி அதன் மேற்பகுதியைக் கருக்குமேயன்றிக் கிழங்கை அழிப்பதில்லை. ஹாலோசல்பியூரான் மெத்தில் கிழங்குவரை சென்று செயற்படும். மேற்கூறிய ஐவகைப் புற்களுள் அறுகு, சாய்சியா, செயின்ட் அகஸ்டின், கடற்கரைப் பாஸ்பாலம் ஆகியவை முதிர்ந்த நிலையில் அதனைத் தாங்குகின்றன. அதன் பயன் மெதுவாகவே தோன்றும். இரண்டு மூன்று வாரங்கள் பொறுத்திருத்தல் வேண்டும். ஒரு தெளிப்பில் கிழங்குகள் யாவும் மடிவதில்லை என்பதையும் முன்கூட்டியே பேணுவோர்க்கு உரைத்தல் நன்று. இல்லையேல், மருந்து வேலை செய்யவில்லை என்று கருதி மறுநாளே இருமடங்கு தெளித்துவிடுவர்.

காலமும் புல்லின் நிலையும்

ஒரே புல், ஒரே மருந்து, ஒரே அளவு ஆகிய மூன்றும் பொருந்தியிருந்தும் விளைவு மாறுவதுண்டு. அதற்குக் காரணம் தெளிக்கும் நாளில் புல் இருந்த நிலையே.

வட இந்தியச் சமவெளிகளில் டிசம்பர், ஜனவரித் திங்களின் குளிரில் அறுகு பழுப்புற்று உறங்கும். தென்னகக் கடற்கரைப் பகுதிகளில் அது ஆண்டு முழுவதும் பசுமையாகவே இருக்கும். உறங்கும் அறுகின்மீது கிளைபோசேட்டைத் தெளித்துக் குளிர்காலக் களைகளை அழிக்கும் முறை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் உண்டு. பச்சைப் பகுதி இல்லாமையால் மருந்து புல்லினுள் புகாது என்பதே அதன் அடிப்படை. இம்முறையைப் படித்துவிட்டுச் சென்னையிலோ மும்பையிலோ செய்து பார்த்தால் களையோடு புல்லும் சாகும். வடக்கிலும் மேலே பழுப்பாகத் தோன்றும் தரையை விரலால் விலக்கிப் பார்த்தால் அடியில் பசுந்தளிர் இருத்தலைக் காணலாம். மேலும், 2022-இல் மத்திய அரசு கிளைபோசேட்டின் பயன்பாட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்க்கு வரையறுத்து அறிவிக்கை வெளியிட்டது என்பதையும் களப்பணியாளர் நினைவில் கொள்க.

உறக்கம் நீங்கித் தளிர்க்கும் காலமே மிக மென்மையான காலம். அப்போது பழைய வேர்கள் மடிந்து புதுவேர்கள் தோன்றுதலும் உண்டு. சேமித்த உணவு தளிருக்கே செலவாவதால் மருந்தைச் சிதைக்கும் ஆற்றல் குறைந்திருக்கும். தரை முழுவதும் பசுமையுற்று, இரண்டு மூன்று முறை கத்தரித்த பின்னரே தெளித்தல் தக்கது.

வெயிலும் கருதத்தக்கது. வெப்பம் 30 பாகையைத் தாண்டிய நண்பகலில் தெளித்தால் தாங்குதிறன் குறைந்த புற்களில் ஊறு மிகும். 2,4-டி மருந்தின் எஸ்டர் வடிவம் வெப்பத்தில் ஆவியாகி அருகிலுள்ள பருத்தி, தக்காளி, திராட்சை ஆகியவற்றைக் கெடுக்கும். அமைன் உப்பு வடிவம் அத்துணை ஆவியாவதில்லை. வறட்சியால் வாடிய தரை, முந்திய நாள் ஒட்டக் கத்தரித்த தரை, நீர் தேங்கிய தரை ஆகியவற்றில் தெளித்தலைத் தள்ளிவைக்க வேண்டும். காரத்தன்மை மிக்க மண்ணில் சல்போனைல்யூரியா இன மருந்துகள் நெடுநாள் சிதையாமல் தங்கும் என்பதும் அறிந்திருக்கத் தக்கது.

அளவுக் கணக்கு

புல்தரையில் நேரும் கேடுகளுள் பல, கணக்குப் பிழையால் நேர்பவை. செயற்பொருளின் அளவும், கடையில் வாங்கும் மருந்துக் கலவையின் அளவும் வெவ்வேறு. எடுத்துக்காட்டாக, ஹெக்டேருக்கு 0.5 கிலோகிராம் செயற்பொருள் தேவை எனவும், கரைசலின் 100 மில்லிலிட்டரில் 58 கிராம் செயற்பொருள் உளது எனவும் கொள்வோம். ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். எனவே 100 சதுர மீட்டருக்குச் செயற்பொருள் 5 கிராம். கரைசல் 5 ÷ 0.58, அதாவது ஏறத்தாழ 8.6 மில்லிலிட்டர். ஹெக்டேருக்கு 500 லிட்டர் நீர் வீதம் இதற்கு 5 லிட்டர் நீர் போதும்.

சல்போனைல்யூரியா மருந்துகளில் இன்னும் விழிப்பு வேண்டும். ஹாலோசல்பியூரான் மெத்தில் ஹெக்டேருக்கு 67.5 கிராம் செயற்பொருள் என்றால், நூற்றுக்கு 75 பங்கு வலிமையுள்ள கலவை 90 கிராம் ஆகும். 100 சதுர மீட்டருக்கு அது 0.9 கிராமே. இதனைக் கைப்பிடியாலோ கரண்டியாலோ அளக்க முற்படுதல் தரையைப் பணயம் வைப்பதாகும்.

தெளிப்பானையும் அளவிட வேண்டும். இதனை மாணவரைக் கொண்டே வெறும் நீரால் செய்து காட்டலாம். 100 சதுர மீட்டர் நிலத்தை அளந்து கயிறு கட்டுக. தெளிப்பானில் அளந்த நீரை நிரப்பி, ஒரே சீரான நடையில் அந்நிலம் முழுவதும் தெளித்து, மீதியை அளக்கவும். குறைந்த நீரே அத்தெளிப்பானும் அந்நடையும் சேர்ந்து தரும் அளவு. நடப்பவர் மாறினால் இவ்வளவும் மாறுவதை மாணவர் வியப்புடன் காண்பர்.

சோதனைக் கூறுகள்

பெருந்தரையில் தெளிக்குமுன் சிறு கூறுகளில் சோதித்தல் இன்றியமையாதது. இதனை ஆராய்ச்சி நிலையத்தின் வழிகாட்டுதலில், பயிற்சி பெற்ற பணியாளரே செய்தல் வேண்டும். மாணவர் பங்கு பின்னர்ப் பார்வையிட்டுப் பதிவு செய்தலோடு அமையும்.

1 மீட்டர் அகலமும் 2 மீட்டர் நீளமும் உள்ள 12 கூறுகளை அமைக்கவும். வெறும் நீர், குறித்த அளவு மருந்து, அதன் இருமடங்கு ஆகிய மூன்று செய்கைகளையும் நான்கு தொகுதிகளில், ஒவ்வொரு தொகுதியிலும் சீட்டெடுத்து வரிசை மாற்றி அமைக்கவும். இருமடங்கு எதற்கெனில், கையால் தெளிக்கும்போது ஒரு பட்டையின் ஓரம் அடுத்த பட்டையின்மேல் படிவதும், திரும்பும் இடத்தில் கை தாமதிப்பதும் தவிர்க்க இயலாதவை; அவ்விடங்களில் புல் பெறுவது இருமடங்கே. இருமடங்கைத் தாங்காத புல்லுக்கு அம்மருந்து பாதுகாப்பானது எனக் கூற இயலாது. ஒரு கூறுக்கு வேண்டிய மருந்தைத் தனியே நிறுத்தல் அரிது. ஆதலின் 0.9 கிராமை 5 லிட்டர் நீரில் கரைத்து, அதிலிருந்து கூறு ஒன்றுக்கு 100 மில்லிலிட்டர் எடுத்துக்கொள்க. இருமடங்குக் கூறுகளுக்கு 1.8 கிராமை அதே 5 லிட்டரில் கரைத்துக்கொள்ளலாம்.

தெளித்த 3, 7, 14, 28-ஆம் நாட்களில் ஒவ்வொரு கூறையும் நோக்கி, ஊறு இல்லையெனில் 0, முற்றும் மடிந்தால் 100 என மதிப்பெண் இடவும். ஒரு செய்கையின் நான்கு கூறுகளும் 10, 15, 10, 25 பெற்றால் சராசரி 15. எனினும் சராசரியோடு அமையாது, 25 பெற்ற கூறு ஏன் வேறுபட்டது என்று வினவுதல் வேண்டும். அங்கு நீர் தேங்கியதா, மர நிழல் விழுந்ததா என ஆராய்தலே அறிவியல் நோக்கு. ஊறு 20 முதல் 30 வரை சென்று, 28-ஆம் நாளுக்குள் மறைந்துவிடின் பல ஆய்வாளர் அதனை ஏற்பர். 7-ஆம் நாளில் குறைவாக இருந்து 28-ஆம் நாளில் கூடியிருப்பின் அம்மருந்தை விலக்க வேண்டும். ஆகவே முதல் வாரத்தோடு பார்வையை நிறுத்துதல் தவறான முடிவிற்கு வழிகோலும்.

களப்பணியாளர் கருத்திற் கொள்ள வேண்டியவை

இந்தியாவில் களைக்கொல்லிகள் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ்க் குறிப்பிட்ட பயிர்களுக்கெனப் பதிவு பெறுகின்றன. அயல்நாட்டில் புல்தரைக்கு ஏற்றதெனக் கண்ட மருந்து, இங்குக் கரும்புக்கோ கோதுமைக்கோ மட்டும் பதிவு பெற்றிருக்கலாம். விவரச்சீட்டில் இல்லாத பயன்பாட்டைப் பரிந்துரைத்தல் முறையன்று. இக்கட்டுரையில் கூறிய தாங்குதிறன் செய்திகள் மருந்தைப் புரிந்துகொள்வதற்கும், தவறான தெளிப்பைத் தடுப்பதற்கும் உரியவை.

குழந்தைகள் விளையாடும் திடலில் விடுமுறை நாட்களிலேயே தெளிக்க வேண்டும்; விவரச்சீட்டில் கூறிய காலம் கழியும்வரை எவரையும் உள்ளே விடலாகாது. தெளித்த புல்லைக் கால்நடைக்கு இடலாகாது.

இறுதியாக ஒன்று. களை மிகுதல் புல் நலிந்ததன் அடையாளம். அறுகை 2 முதல் 4 சென்டிமீட்டர் உயரத்திலும், செயின்ட் அகஸ்டினை 6 முதல் 9 சென்டிமீட்டர் உயரத்திலும் கத்தரித்து, ஒருமுறைக்கு மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் வெட்டாது, இறுகிய மண்ணைக் குத்திக் காற்றோட்டம் தந்தால் பல களைகள் தாமே ஒடுங்கும். நலிந்த புல்லின்மீது மருந்தை ஏற்றினால் களை நீங்கிய இடம் வெற்றிடமாகும். அவ்வெற்றிடத்தில் முதலில் முளைப்பது மீண்டும் களையே. எனவே புல்லை அறிந்து, அதன் நிலையை அறிந்து, காலத்தை அறிந்த பின்னரே மருந்தின் பெயரைக் கூறுதல் களப்பணியாளரின் கடமை.

பயிற்சி வினாக்கள்

1. பள்ளித் திடலில் உள்ள புல் எவ்வினம் என்பதை இலை, தண்டு, கதிர் ஆகியவற்றைக் கொண்டு கண்டறிந்து எழுதுக.

2. ‘2,4-டி புல்லினத்தைத் தொடாது’ என்னும் கூற்று ஏன் முழு உண்மையன்று?

3. முதிர்ந்த தரைக்குத் தீங்கற்ற பெண்டிமெத்தலின், புதிதாக நட்ட தரைக்குத் தீங்காவது எதனால்?

4. 250 சதுர மீட்டர் தரைக்கு, ஹெக்டேருக்கு 90 கிராம் வீதம், எத்துணைக் கிராம் கலவை வேண்டும்? (விடை: 2.25 கிராம்)

5. சோதனையில் இருமடங்கு அளவையும் சேர்ப்பதன் காரணம் யாது?